சிவப்புச் சீட்டுக்குப் பதில்

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் குணசீலன். கம்ப்யூட்டர் அறையில், எல்லார் முன்னாலும் சொன்னான்: "இந்தத் தற்குறி எழுதினதாலதான் மெஷின் ஹேங் ஆகுது."

நான் எட்டாவதோடு நின்றவன். ஒயர் பற்றவைக்க வந்து, பக்கத்தில் நின்று பார்த்தே டிரைவர் எழுதக் கற்றவன். டிரைவர் என்றால், கம்ப்யூட்டரின் கட்டளையை, அதற்குள் செருகிய சர்க்யூட் கார்டுக்குக் கொண்டு சேர்க்கும் புரோகிராம். அன்று சாயங்காலத்துக்குள் மெஷின் ஓடாவிட்டால் நான் மறுபடி ஒயர் ரூமுக்குப் போக வேண்டும்.

மெஹருன்னிசா மேடத்திடம் போனேன். எங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். என்னைவிட ஒன்பது வயது சின்னவர்.

"மேடம், என் புரோகிராம் சரியாத்தான் இருக்கு. அவன் வேணும்னே சொல்றான்."

"மெஷின் என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. அப்படியே நிக்குது."

"எதுக்காக நிக்குது?"

குணசீலன் மேசையைக் கை காட்டினேன்.

"இடத்துக்குப் போங்கண்ணே."

அந்த அறை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. செருப்பை வெளியே விட்டுத்தான் நுழைவோம். திரையில் பச்சை எழுத்து ஓடும். வரிசையாக மூன்று மேசை: மேடம், குணசீலன், கடைசியில் நான். எங்கள் புரோகிராம்களும் அதே வரிசைதான்: மேடத்துடையது கட்டளை அனுப்பும், குணசீலனுடையது கடத்தும், என்னுடையது கார்டுக்குச் சேர்க்கும்.

மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரும் அடுத்த மேசையைத் தாண்டிச் சீட்டுக் கொடுக்கக் கூடாது. சீட்டு இடப்பக்கமாகக் கீழே, என் மேசை வரை போகும். பதில் வலப்பக்கமாக மேலே, மேடத்திடம் வரும். வெள்ளைச் சீட்டு தகவல், அடுக்கில் காத்திருக்கும். சிவப்பு கட்டளை, அடுக்கைத் தாண்டி முன்னால் வரும்.

பதினொரு மணிக்கு மேடத்திடமிருந்து ஒரு சிவப்புச் சீட்டு வந்தது. "கட்டளை 47" என்று மட்டும் இருந்தது.

குணசீலன் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். என்னிடம் தள்ளினான்.

என் பட்டியலில் பன்னிரண்டு கட்டளைகள்தான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சீட்டை டெலிபோனுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மேடம் எழவில்லை. மணி இரண்டரை ஆனது. அவர் டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

"சாப்பிடலையா மேடம்?"

"பதில் வரலையே."

"எதுக்கு?"

"நாற்பத்தேழுக்கு."

"அது என்னன்னே எனக்குத் தெரியாது மேடம்."

"அதுவும் பதில்தானே. பதினொரு மணிக்கே சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேன்."

"குணசீலனுக்கும்தான் தெரியல!"

"அவர் அடுத்த மேசைக்குத் தள்ளிட்டார். உங்களுக்கு அடுத்த மேசை எது?"

திரும்பிப் பார்த்தேன். சுவர்.

என் இடத்துக்கு ஓடினேன். என் புரோகிராமில் ஒரே ஒரு விதி சேர்த்தேன்: தெரியாத கட்டளை வந்தால், 'முடியாது' என்று உடனே மேலே அனுப்பு.

மெஷின் மறுபடி ஓடியது. மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தோசையை என் பக்கம் நீட்டினார். ஆறிப்போயிருந்தது. அப்படி ஒரு தோசையை நான் பிறகு சாப்பிடவில்லை.

மேடம் இப்போது இல்லை. அறையும் இல்லை.

பிழை என்னுடையதுதான். ஆனால் தற்குறி என்ற சொல் அவனுடையது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டுக் குணசீலனுக்குக் கடிதம் போட்டேன். போட்டு ஆறு வருஷம் ஆகிறது. விலாசம் சரிதான், விசாரித்துவிட்டேன்.

தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் தட்டை மூடிவைத்துவிட்டு எழுகிறேன்.

முடியாது என்றாவது எழுதலாம் அவன்.