சாவி என்று சொல்லாத ராஜா

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொல்கிறேன். பொடி இலைதான், கீரையும் கதையும் ஒன்றாக முடிந்துவிடும்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் கோரையாறு நாட்டை மழவராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கிரீடம் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. அவரைப் புகழ்வதற்கென்றே பூவராகர் என்று ஒருத்தர் சபையில் இருந்தார். ராஜா தும்மினால், "ஆகா, என்ன சுருதி!" என்பார். ராஜா கக்கூஸுக்குப் போனால்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் புகழ்வார்.

தொல்லை தாங்காமல் ராஜா அரண்மனைச் சாவிக்காரி செங்கமலத்துக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். "நான் உள்ளே போனதும் வெளியே பூட்டிவிடு. 'சாவி' என்று குரல் கொடுத்தால்தான் திறக்க வேண்டும். வேறு என்ன சொன்னாலும் திறக்காதே. அந்தப் பூவராகன் என் குரலிலேயே பேசுவான்!"

செங்கமலம் நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். இடுப்பின் ஒரு பக்கம் கைக்குழந்தை, மறுபக்கம் சாவிக்கொத்து. நிமிர்ந்து பேச மாட்டாள். ஆனால் பூவராகர் முந்திரிப்பருப்புக்காக உக்கிராண அறையைத் திறக்கச் சொன்னால் திறக்கவும் மாட்டாள். அதில் அவருக்கு அவள்மேல் ஒரே எரிச்சல்.

ஒருநாள் பல்கேரியா தேசத்து யாத்ரீகர் ஒருத்தர் சபைக்கு வந்து, அரைகுறைத் தமிழில் ஐரோப்பாக் கதை சொன்னார்.

"ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு, ராஜா. அதன் சின்னம் ஒற்றைக்கொம்புக் குதிரை."

"எத்தனை வைத்திருக்கிறார்கள்?"

"ஒன்றுமில்லை. அப்படி ஒரு மிருகமே கிடையாது."

ராஜா வாயைப் பிளந்தார். "வேறு?"

"வேல்ஸ் நாட்டுக் கொடியில் இறக்கை வைத்த சிவப்பு ஜந்து. நெருப்புக் கக்குமாம்."

"அதாவது இருக்கிறதா?"

"அதுவும் இல்லை."

"நம்ம கொடியில் இருக்கிற விரால் மீனைக் குழம்பே வைக்கலாமே!" என்று குதித்தார் பூவராகர்.

ராஜாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "அப்படியானால் உலகத்திலேயே உயர்ந்தது என் நாடுதானே?"

யாத்ரீகர் சிரித்துக்கொண்டே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

"என் முகத்துக்கு நேரே இல்லை என்கிறானா!"

அந்தக் கோபத்தைப் பூவராகர் ஊதிவிட்டார். "அவர்கள் கண்டத்துச் சொல் ஒன்றுகூட இனி நம் நாட்டில் கூடாது, ராஜா. யாராவது சொன்னால் நாக்கில் சுண்ணாம்பைத் தடவிக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவிடலாம்."

"அடி முரசை!"

முரசுச் சத்தம் அடங்கக்கூட இல்லை, பூவராகர் செங்கமலத்தைச் சபைக்கு நடுவில் நிறுத்தித் தேனொழுகக் கேட்டார்: "ஏம்மா, இடுப்பில் என்ன கிலுகிலுக்கிறது?"

"சாவிங்க."

"மாட்டினாள்! சாவி போர்த்துக்கல் சொல், ராஜா! ஒரு மாலுமியே எனக்குச் சொன்னான்!"

கழுதை வந்து நின்றது, சுண்ணாம்பும் வந்தது. கைக்குழந்தையோடு நாடுவிட்டு எங்கே போவாள்? காலின் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "சாயங்காலம் வரைக்கும் அந்த மாதிரிச் சொல் ஒன்றுகூட ராஜா வாயில் வராமல் இருந்தால், கழுதையை நானே பிடித்துக்கொண்டு போகிறேன். வந்துவிட்டால்?"

"வந்தால் கழுதைமேல் நான் ஏறுகிறேன்!" என்றார் ராஜா.

"அதுவரைக்கும் என் வேலையை நான் பார்க்கலாங்களா?"

"தாராளமாக!"

மத்தியானம் ராஜா நாற்பது பலாச்சுளை தின்றார். தின்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். செங்கமலம் கட்டளைப்படி வெளியே பூட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "கதவைத் திற!" என்று குரல் வந்தது.

"நீங்க சொல்லியிருக்கிற சொல் அது இல்லீங்களே, ராஜா."

அப்புறம் ராஜாவுக்கு நல்ல தமிழ் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. "திறவுகோல்! திறவுகோல்!"

"அதுவும் இல்லீங்களே."

பூவராகர் காதில் பாதிதான் விழுந்தது. "ராஜா கோல் கேட்கிறார்! கொண்டு வாருங்கள்!" தையற்காரனின் அளவுகோலும் மாட்டுக்காரனின் தார்க்கோலும் செட்டியாரின் துலாக்கோலும் வந்தன. எல்லாவற்றையும் மேலே இருந்த காற்றுத் துவாரம் வழியாக உள்ளே தள்ளினார். கடைசியில் சிங்காசனத்துப் பக்கத்திலிருந்த செங்கோலையும் எடுத்துவந்து தள்ளினார்.

"எந்தக் கோல், ராஜா?"

"அடேய், விலாவில் குத்துகிறது!"

"ஆகா, குத்துப்பட்டும் என்ன கம்பீரமான குரல்!"

ராஜா பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. அரண்மனை அதிரக் கத்தினார்: "சாவி! சாவி! கக்கூஸ் சாவி!"

கதவு திறந்தது. கையில் செங்கோல், கழுத்தில் துலாக்கோல் மாட்டித் தொங்க, ராஜா வெளியே வந்தார்.

"ரெண்டு சொல்லுங்க, ராஜா" என்றாள் செங்கமலம், பெருவிரலைப் பார்த்தபடி. "சாவி போர்த்துக்கல்காரர் சொல். கக்கூஸ் டச்சுக்காரர் சொல். எங்கப்பா ரெண்டு பேர் மூட்டையும் தூக்கினவர். ஜன்னல், மேஜை, அலமாரி எல்லாமே கப்பலில் வந்த சொல்தாங்க. சொன்னவங்களை எல்லாம் ஏற்ற நம்ம நாட்டில் கழுதை பத்தாது."

ராஜா கழுத்துத் துலாக்கோலைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை.

"அந்த யாத்ரீகரும் தப்பாகச் சொல்லலீங்க. நேற்று ராத்திரி அரண்மனையில் வந்து இறங்கினவரை இன்னும் சோறு வேணுமான்னு கேட்டேன், இப்படித்தான் ஆட்டினார். வேண்டாம்போலன்னு சட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். இலையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே வந்துட்டார். அவங்க ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாங்க. மேலும் கீழும் ஆட்டினால்தான் இல்லை."

ராஜா தன் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். அப்புறம் துலாக்கோல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சட்டத்தைக் கிழித்தார். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, "இதில் உன் சாவிக்கொத்தைக் கோத்துக்கொள். உக்கிராண அறைப் பக்கம் என்னையே விடாதே" என்று செங்கமலத்திடம் கொடுத்தார். சொன்ன வாக்குப்படி கழுதைமேலும் ஏறி, அரண்மனையை ஒரு சுற்றுச் சுற்றினார். கழுதையைப் பிடித்து நடந்தவர் பூவராகர்.

"ஏன் பூவராகரே, இந்தச் சட்டம் உம்முடைய யோசனைதானே?"

பூவராகர் அவசரமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"இது நம்ம ஊர் ஆட்டலா, பல்கேரியா ஆட்டலா?"

பயந்துபோய் மேலும் கீழும் ஆட்டினார்.

"ஓகோ, அப்படியென்றால்?"

எப்படி ஆட்டினாலும் மாட்டிக்கொள்கிறோமே என்று அன்றைக்குச் சுற்ற ஆரம்பித்த தலை, அதற்கப்புறம் அவருக்கு...

"இந்தா புள்ள, அலமாரி சாவியை எங்க வச்ச?" என்று கூடத்திலிருந்து எங்க வீட்டுக்காரர்.

இதோ வந்துட்டேங்க, ஜன்னல் ஓரமா அந்த மேஜைமேல பாருங்க, இல்லேன்னா...