ஆட்டத்தை விட்ட சாணி வண்டு

விடிகாலையில் ஒரு யானைக் கூட்டம் காட்டோரத்துப் புல்வெளியைக் கடந்து போயிற்று. போகிற போக்கில் ஒரு குவியல் லத்தியையும் போட்டுவிட்டுப் போயிற்று. நமக்கு அது மூக்கைப் பொத்திக்கொள்ளும் சமாசாரம். சாணி வண்டுகளுக்கோ கல்யாண விருந்து.

உருளையப்பன் என்ற சாணி வண்டு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். அவனுக்கு அவசரம். தூரத்து நாவல் மரத்தடி வளையில் அவன் மனைவி சிலம்பாயி முட்டையிடக் காத்திருந்தாள். சாணி உருண்டைக்குள்தான் முட்டையை வைக்க வேண்டும். உச்சிவெயில் வருவதற்குள் உருண்டை வந்து சேராவிட்டால் அது காய்ந்து வெடித்துவிடும், பிள்ளை பிழைக்காது. இதைக் கிளம்பும்போதே அவள் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

உருளையப்பன் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டை பிடித்தான். பிடித்தவன் உடனே தள்ளினானா? அதுதான் இல்லை. உருண்டை மேல் ஏறி, சுற்றிச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டான். பிறகு இறங்கி, தலையைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஏறினான். மறுபடி ஆட்டம்.

பக்கத்தில் ஒரு கல்லின் மேல் மணியம் என்ற கட்டெறும்பு நின்றுகொண்டிருந்தது. ஈசல் இறகு சுமந்து போகும் எறும்பு வரிசையை மேய்ப்பது அதன் வேலை. ஊரில் எவன் சும்மா இருந்தாலும் அதற்கு உடம்பு எரியும்.

"ஏம்ப்பா, பொஞ்சாதி அங்க வயிறும் முட்டையுமா உக்காந்திருக்கா. உனக்கு இங்க ஆட்டம் கேக்குதா?" என்றது மணியம்.

உருளையப்பனுக்குச் சுருக்கென்றது. இந்த ஆட்டத்தால் என்ன பிரயோசனம் என்று மணியம் கேட்டது. அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது.

"தெரியலீங்கண்ணே. ஆடணும்னு தோணுது, ஆடறேன்."

மணியம் தலையில் அடித்துக்கொண்டது. எங்கள் ஆட்களைப் பார், முன்னால் போகிறவனின் வாசனையைப் பிடித்துக்கொண்டு தலை நிமிராமல் போகிறார்கள், அதற்குப் பேர்தான் உழைப்பு என்று ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தது. உருளையப்பனுக்கு முன்னால் யாருமே போகவில்லை என்பது அதற்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் கதை சொல்கிறவன் நடுவில் புகுந்து பேசினால் மரியாதையாக இருக்காது.

இனிமேல் ஆடுவதில்லை என்று உருளையப்பன் சத்தியம் செய்தான். தலையைக் குனிந்தான், தள்ளினான். அப்படித் தள்ளினான்! வழியில் வெள்ளையாக ஒரு நத்தை ஓடு கிடந்தது. அதைத் தாண்டிப் போனான். இன்னும் வேகமாகத் தள்ளினான். மறுபடி ஒரு வெள்ளை நத்தை ஓடு. பிறகு இன்னொன்று. ஐயோ பாவம், இந்தப் பக்கத்து நத்தைகளுக்கு ஏதோ கொள்ளை நோய் போலிருக்கிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டே தள்ளினான்.

எறும்புகளும் அப்படித்தான். தலைக்கு மேலே எங்கிருந்தோ, "சபாஷ், இதுதான் உழைப்பு" என்று ஓர் எறும்பின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு எறும்பு அதையே சொன்னது. மூன்றாவதும் சொன்னது. காடு முழுக்க எறும்புகள் ஒரே மாதிரிதான் பேசும்போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கல்லின் மேல் நின்ற மணியத்துக்கோ ஒரே பூரிப்பு. ஒருவனுக்குச் சொன்ன புத்தியைக் கேட்டு ஒன்பது சாணி வண்டுகள் ஆட்டத்தை விட்டுவிட்டனவே! எல்லாம் எப்படி ஒரே அச்சாக இருக்கின்றன என்பதுதான் அதற்குப் புரியவில்லை.

வெயில் ஏறியது. உருண்டையின் மேல் தோல் காயத் தொடங்கியது. உருளையப்பனுக்குக் கால் வலித்தது, மூச்சு வாங்கியது. இவ்வளவு தள்ளியும் நாவல் மர நிழல் ஏன் வரவில்லை? வீட்டை யாராவது தள்ளி வைத்துவிட்டார்களா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. பயத்தில் இன்னும் வேகமாகத் தள்ளினான்.

அப்போது ஏதோ ஒன்று உருண்டையை எதிர்ப்பக்கமிருந்து முட்டி நிறுத்தியது. பார்த்தால் சிலம்பாயி!

"நீ ஏம்மா இந்த வயித்தோட இவ்வளவு தூரம் வந்தே? வீடு இன்னும் எவ்வளவு தூரம்?"

"வீடா? கிளம்புன இடத்துலயே செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கீங்க!" என்றாள் சிலம்பாயி.

உருளையப்பன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். அதே லத்திக் குவியல். அதே கல். அதே நத்தை ஓடு, ஒன்றே ஒன்று. தரையில் வட்டமாக ஒரு தடம் பள்ளமே விழுந்திருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டோமே என்று விம்மினான்.

சிலம்பாயி உருண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் முழுக்கக் காயவில்லை. ஆனாலும் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. தினமும் வளை வாசலில் நின்று பார்த்தால் புல்லுக்கு மேலே அவன் ஆடும் தலை அவ்வப்போது தெரியும், இன்றைக்கு அதைக் காணாமல்தான் தேடி வந்தேன் என்றாள். ஏன் ஆடவில்லை என்று கேட்டாள். அவன் மணியம் சொன்னதைச் சொன்னான்.

"பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும். ஏறி ஆடுங்க."

ஏறினான். கால் வரவில்லை. வெட்கமும் பயமுமாக மரக்கட்டை போல நின்றான். சிலம்பாயி கீழே இருந்து உருண்டையை லேசாக ஒரு முட்டு முட்டினாள். அவன் வழுக்கினான், தடுமாறினான், ஒரு சுற்றுச் சுற்றினான். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இன்னொரு சுற்று. சூரியன் பளிச்சென்று கண்ணில் விழுந்தது. அதற்கு நேர் எதிரே நாவல் மரம்!

இறங்கினான், நேராகத் தள்ளினான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை ஏறி ஆடினான். பாதி வழியில் உருண்டை ஒரு யானைக் காலடிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. உருளையப்பன் ஏறி இப்படியும் அப்படியுமாக ஆடினான். உருண்டையும் கூடவே ஊஞ்சல் மாதிரி ஆடியது. நாலாவது ஆட்டத்தில் தானாகவே கரையேறிவிட்டது. தள்ளுகிறவனுக்கு இந்த யோசனை ஏழு ஜென்மத்துக்கும் வராது.

உச்சிவெயில் நெருங்கி, மர நிழல் தூருக்குள் ஒடுங்கும் நேரத்தில் வளைக்குள் உருண்டை இறங்கியது. ஒரு பக்கம் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது. சிலம்பாயி அந்தப் பக்கத்தில் முட்டையை வைத்து மூடினாள்.

அடுத்த நாள் உருண்டை தள்ளிக்கொண்டு வந்தவனை மணியம் கல்லின் மேலிருந்தே வழிமறித்தது. ஒன்பது வண்டுகளும் ஒரே வண்டுதான் என்ற செய்தி அதன் காதுக்கும் போயிருந்தது.

"ஆடுனதால வழி தெரிஞ்சுதா, இல்ல வழி தெரிஞ்சதால ஆடுனியா?"

"இன்னிக்கும் தெரியலீங்கண்ணே. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு உருளையப்பன் ஓர் ஆட்டம் போட்டான்.

மணியம் அக்கம்பக்கம் பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை. மெதுவாக ஒரு காலைத் தூக்கி, கல்லின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

தலை நிமிராமல் தள்ளுகிறவன் கிளம்பிய இடத்தையே சுற்றுவான், வேலைக்கு நடுவே கொஞ்சம் விளையாடத் தெரிந்தவனே வீடு போய்ச் சேருவான்.