மூன்றாவது தடவை

தவசிமுத்து குடிலுக்கு வரும்போது மணி பதினொன்று. வழக்கமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அன்று வியாழக்கிழமை. ஆட்டோவை வாசலுக்கு நேரே நிறுத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, இறங்கி அதை வேலியோரமாகத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்.

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்பது.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. பதினோரு வருடம் கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்தியவர். அவருடைய குரு கண்மூடும்போது குடிலை அவர் கையில் ஒப்படைத்தார். அவரும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் அவரை ரயிலடியிலிருந்து குடிலுக்கு ஏற்றி வந்தவர் தவசிமுத்து. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அந்த அம்மாள் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு நேரம் யாரோட சண்டை போட்டுக்கிட்டு வந்தீங்க அண்ணாச்சி?"

அதற்குப் பதில் தெரியாமல் மறுவாரம் வந்தவர்தான். இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

குரு தரையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தவசிமுத்துவும் எதிரே உட்கார்ந்து ஒரு கை புளியை எடுத்துக்கொண்டார்.

"முகம் சரியில்லையே அண்ணாச்சி."

"சங்கத்துல தேர்தல் தாயி. வார ஞாயித்துக்கிழமை."

"நிக்கிறீங்களா?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ரயிலடி ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தைத் தொடங்கியவரே தவசிமுத்துதான். மொத்தம் நாற்பத்து மூன்று வண்டிகள். நாலு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று விதி. இதுவரை இரண்டு தடவையும் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. தலைவர் வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் எத்தனை மணிக்கு வந்தாலும், காலை முதல் ரயிலுக்கு அவர் வண்டிதான் வரிசையில் முன்னால் நிற்கும். அது எங்கும் எழுதி வைத்ததில்லை. அப்படியே பழகிவிட்டது.

"இப்போ என்ன சிக்கல்?"

"ரெண்டு பயலுவ தாயி. கொம்பையா, சுடலைமணி. ரெண்டு பேரையும் கையைப் புடிச்சு சங்கத்துக்குக் கூட்டிட்டு வந்தவன் நான். சுடலை சொல்லுதான், எல்லாரும் செல்போன் செயலியில சேரணும், வீட்ல இருந்துகிட்டே சவாரி வரும்னு. கொம்பையா சொல்லுதான், வரிசைதான் நமக்குச் சோறு போட்டுது, முதல்ல வந்தவனுக்கு முதல் சவாரி, அதை விட்டா நாம நாதியத்துப் போவோம்னு. ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசுததில்ல. டீ குடிக்கிறதுகூட ஆளுக்கொரு கடை. பாதிப்பேரு இவன் கடையில, பாதிப்பேரு அவன் கடையில."

"நீங்க எந்தக் கடை?"

"ரெண்டுலயும்தான். இங்க அரை கிளாஸ், அங்க அரை கிளாஸ். தலைவரு அவன் பக்கம் சாஞ்சிட்டாருன்னு யாரும் நெனைச்சிரக் கூடாதுல்லா. ஒரு நாளைக்குப் பதினாலு டீ தாயி. சுகர் முந்நூறுக்கு ஏறிட்டு. டாக்டரம்மா வாயில வந்தபடி ஏசுதாங்க."

குரு சிரித்துவிட்டார். "டீ நல்லா இருக்கா?"

தவசிமுத்து அதை யோசித்ததே இல்லை. "முன்ன ஒரே கடைதான் இருந்துச்சு. கழனித்தண்ணி மாதிரி இருக்கும். இப்போ…" என்று இழுத்தார். "இப்போ ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

குரு ஒரு கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்.

"மூணாவது தடவையும் நான் நின்னா ரெண்டு பேரும் அடங்கிருவாங்க. தனித்தனியா வந்து, நீங்களே இருங்க அண்ணாச்சின்னுதான் ரெண்டு பேரும் சொல்லுதாங்க. நான் விலகினா போட்டி வரும். தோத்தவன் சும்மா இருப்பானா? ஸ்டேஷனுக்கு ரெண்டு வாசல். சுடலை அவன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மேலவாசலுக்குப் போயிருவான். அதுக்கப்புறம் தினம் அடிதடிதான். எட்டு வருசம் கட்டிக் காத்தது ஒரே நாள்ல போயிரும்."

"வேற காரணம் இருக்கா?"

"இல்ல தாயி."

புளி விரல்களில் பிசுபிசுத்தது. தவசிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு," என்றார். "காலையில முன்னால நிக்கிறது நல்லா இருக்கு."

"ஆமா," என்றார் குரு. "எனக்கும் நல்லாத்தான் இருக்கு."

கிண்ணத்தில் கொட்டைகள் சேர்ந்தன. பிறகு குரு தொடங்கினார்.

"அமெரிக்காவுக்கு முதல் ஜனாதிபதி வாஷிங்டன். ரெண்டு தடவையும் வாக்களிச்ச அத்தனை பேரும் அவருக்கே போட்டாங்க. அவர் மந்திரி சபையில ஹாமில்டன், ஜெபர்சன்னு ரெண்டு பேர். ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க. ஒருத்தருக்கு வங்கி வேணும், வியாபாரம் பெருகணும். இன்னொருத்தருக்கு உழவன்தான் நாடு, மேல இருக்கிற கையில அதிகாரம் குவியக் கூடாது."

"அவருக்கும் ரெண்டு டீக்கடையா?"

"ரெண்டு பத்திரிகை. இவரு ஆளுங்களுக்கு ஒண்ணு, அவரு ஆளுங்களுக்கு ஒண்ணு. ஒருத்தரை ஒருத்தர் கிழிச்சு எழுதினாங்க. முதல் நாலு வருஷம் முடிஞ்சதும் வாஷிங்டன் ஊருக்குப் போயிடலாம்னு நெனைச்சாரு. ரெண்டு பேரும் இருங்கன்னு கேட்டுக்கிட்டாங்க."

தவசிமுத்துவின் கை நின்றது. "இருந்தாரா?"

"இருந்தாரு. சண்டை பெருசாச்சு. அவரையே பத்திரிகையில ஏசினாங்க. மூணாவது தடவைக்கு அவர் நிக்கல. போகும்போது ஜனங்களுக்கு நீளமா ஒரு கடிதம் எழுதினாரு. கட்சி கட்சியாப் பிரிஞ்சு நிக்காதீங்கன்னு அதுல எச்சரிக்கை பண்ணியிருந்தாரு."

"கேட்டாங்களா?"

"இல்ல. அடுத்த தேர்தலே கட்சிச் சண்டைதான்."

"அப்போ தோத்துட்டாரா தாயி?"

சாப்பாட்டு மணி அடித்தது. குரு எழுந்து கையைக் கழுவிக்கொண்டார்.

குடிலில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுக் கூடத்துக்குள் குருதான் முதலில் நுழைவார். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். கடைசியாக வருகிறவர் பரிமாற வேண்டும். அன்று குரு வாசற்படி வரை போனவர், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

"போங்க அண்ணாச்சி."

"நீங்க போங்க தாயி."

"நீங்க போங்க."

தவசிமுத்து தலையைத் தலையை ஆட்டினார். பின்னால் முப்பது பேர் தட்டோடு நின்றார்கள். சமையல்காரர் செண்பகராமன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "யாராவது ஒருத்தர் வாங்கய்யா. சோறு ஆறிப்போவுது. உங்க மரியாதையையா ஊத்திப் பிசைஞ்சு திங்க முடியும்?"

தவசிமுத்து போனார். அந்தப் படியைத் தாண்டுவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக முப்பது பேரும் உள்ளே போனார்கள். கடைசியாக குரு வந்தார். நேரே போய் ரசவாளியைத் தூக்கிக்கொண்டார்.

தவசிமுத்துவின் தட்டுக்கு வந்ததும் குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"ரெண்டாவது ஜனாதிபதி ஆடம்ஸ் பதவியேத்த அன்னிக்கு, விழா முடிஞ்சு முதல்ல அவர் வெளியே போனாரு. அடுத்து போகவேண்டியது யாருன்னு வாசல்ல ஒரு தயக்கம். அந்தத் தேர்தல்ல ரெண்டாவதா வந்து துணை ஜனாதிபதி ஆன ஜெபர்சன், வாஷிங்டன் போகட்டும்னு நின்னாரு. வாஷிங்டன் அவரை முன்னால போகச் சொல்லிட்டு, தான் பின்னால போனார்னு எழுதி வச்சிருக்காங்க."

"ஜெபர்சன்னா, சண்டை போட்ட அந்த ஆளா?"

"அவரேதான். தோத்தாரான்னு கேட்டீங்களே, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

*

ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து நிற்கவில்லை. "நான் இல்ல. வேற ஆளைப் பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எட்டு வருடத்தில் அவர் பேசிய ஆகச் சின்னப் பேச்சு அதுதான். சங்கத்தில் முதல் தடவையாகச் சீட்டு எழுதிப் போட்டார்கள். கொம்பையாவுக்கு இருபத்து மூன்று. சுடலைமணிக்கு இருபது.

சுடலைமணி எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். பின்னாலேயே பத்துப் பதினைந்து வண்டிகள் போயின.

தவசிமுத்துவின் மனைவி இரவு சாப்பாடு போடும்போது கேட்டாள், "மேலவாசலுக்குப் போயிருவாங்களோ?"

"தெரியல."

"நீங்களே நின்னிருக்கலாம்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

திங்கட்கிழமை முதல் ரயில் ஆறு பத்துக்கு. ஐந்தரைக்கு அவர் போனபோது நாலு வண்டிகள் வரிசையில் நின்றன. முதல் இடம் மட்டும் காலி. பழக்கதோஷத்தில் விட்டு வைத்திருந்தார்கள். அவருடைய கையும் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமே திரும்பியது. வண்டியை ஒடித்துத் திருப்பி, ஐந்தாவதாகப் போய் நிறுத்தினார்.

அவருக்குப் பின்னால் கொம்பையா வந்தான். பழைய தலைவர் வண்டி கடைசியில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவனும் பின்னாலேயே நிறுத்தினான்.

"என்னடே, முன்னால போ."

"அது உங்க எடம் அண்ணாச்சி."

"என் எடம்னு எவன் சொன்னான்? நேத்து இருபத்து மூணு பேரு என்ன வெளையாட்டுக்கா சீட்டு போட்டாங்க?"

கொம்பையா அசையவில்லை. தவசிமுத்து இறங்கிப் போய் அவன் வண்டியின் பக்கத்தில் நின்றார்.

"நீ போனாத்தான்டே வரிசை நகரும்."

அவன் வண்டியை எடுத்தான். அது தன்னைத் தாண்டி முன்னால் போவதைத் தவசிமுத்து நின்று பார்த்தார். வலிக்கும் என்று எதிர்பார்த்தார். கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஐந்து ஐம்பது. வரிசையில் இருபத்து மூன்று வண்டிகள்தான் நின்றன. யாரும் டீக்கடைப் பக்கம் போகவில்லை. ஒருவன் சொன்னான், "மேலவாசல்ல சத்தம் கேக்கு." எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அது பால்வண்டி.

ஆறு அடித்தது. திருப்பத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஆட்டோ. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னும். முன்னால் வந்தது சுடலைமணியின் வண்டி. மேலவாசலுக்குத் திரும்புகிற இடத்தில் அது கொஞ்சம் மெதுவானது. பிறகு வண்டி திரும்பாமல் நேரே வந்து, இருபத்து நாலாவதாக, வரிசையின் கடைசியில் நின்றது.

தவசிமுத்து மெல்ல நடந்து அவனிடம் போனார்.

"என்ன அண்ணாச்சி, தோத்தவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்க வந்தீயளா?"

"ரயிலு வருதான்னு பாக்க வந்தேம்ல."

"தண்டவாளம் அந்தப் பக்கம் இருக்கு," என்றான் சுடலைமணி. சிரிப்பு வந்துவிடாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

*

புதன்கிழமை தவசிமுத்து குடிலுக்குப் போனார். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். குருவின் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"நன்றிக்குத்தான் தாயி. நீங்க சொல்லலேன்னா…"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அது உண்மைதான். தவசிமுத்து கொஞ்சம் தடுமாறினார். பிறகு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"சங்கம் ரெண்டு கோஷ்டி ஆயிட்டு தாயி. அதை யாராலயும் தடுக்க முடியாது. அடுத்த தடவை ஜெயிச்சுக் காட்டுதேன்னு சுடலை எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுதான். கொம்பையாவை ஏசாத நேரமில்ல."

"எங்க நின்னு ஏசுறாரு?"

"வரிசையில நின்னுக்கிட்டுத்தான்."

குரு சிரித்தார். தவசிமுத்துவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார், "அந்த ரெண்டாவது ஜனாதிபதி என்ன ஆனாரு தாயி?"

"நாலு வருஷம் கழிச்சுத் தோத்தாரு. ஜெயிச்சது ஜெபர்சன். அவர் பதவியேக்கிற அன்னிக்கு இவர் இருந்து பாக்கல. விடியறதுக்கு முன்னால, நாலு மணிக்கே வண்டி ஏறி ஊருக்குப் போயிட்டாரு."

"கோவமா?"

"இருந்திருக்கும்."

"அவரு கையிலதான பட்டாளம் இருந்துச்சு? கூப்பிடலையா?"

"இல்ல. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனாரு."

தவசிமுத்து பழச்சீப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். "எப்படியோ தாயி, ஸ்டாண்டு தப்பிச்சுது. மனசு நெறைஞ்சு கொண்டுவந்தேன். நீங்க வாங்கிக்கணும்."

குரு சீப்பிலிருந்து ஒரு பழத்தை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டார். மீதியை அவர் பக்கமே நகர்த்தினார்.

"சுடலைமணிக்கு யாராவது நன்றி சொன்னீங்களா அண்ணாச்சி?"

தவசிமுத்து சீப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.