ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சவாரி

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் குழந்தைகளே, அந்தச் சமயத்தில் அந்தக் காட்டில் ஈ காக்கை கிடையாது. எல்லாரும் கப்பல் ஏறியிருந்தார்கள்.

ஏன் என்று கேட்காதீர்கள். பக்கத்துக் காட்டு விலங்குகள் போன வருஷம் கப்பலில் ஊர் சுற்றிவிட்டு வந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டன. அது போதாதா? இந்தக் காட்டுக்காரர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்தக் காட்டில் தேங்காய்தான் காசு. கரையில் இறங்கினால் செலவுக்கு வேண்டுமே என்று ஆளுக்குப் பத்துத் தேங்காய் கொண்டுவந்திருந்தார்கள்.

கப்பலுக்குத் தலைவர் ஒரு கூழைக்கடா. அதன் அலகுக்குக் கீழே ஒரு பை தொங்குமே, பார்த்திருப்பீர்கள். கப்பலில் யார் எதற்குக் கொடுத்தாலும் அதற்குள்தான் போய் விழும்.

பவளத் தீவு நெருங்கியதும் கூழைக்கடா மேல்தளத்தில் ஏறி நின்று அறிவித்தது.

"தீவைச் சுத்திக் காட்ட நம்ம கப்பல்லயே ஏற்பாடு இருக்கு. தலைக்கு எட்டுத் தேங்காய். அருவியை ஒரு பார்வை பார்க்கலாம். அப்புறம் என் மச்சான் சிப்பிக் கடையில சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்."

"தனியா போனா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாராளமா போங்க. சாயங்காலம் சங்கு ஊதினதும் கப்பல் கிளம்பிடும். என் ஏற்பாட்டுல வந்தவங்க தாமதமானா கப்பல் நிக்கும். தனியா போனவங்க தாமதமானா தீவுல நல்ல காத்து வரும், அங்கேயே இருந்துக்கலாம்."

இதைக் கேட்டதும் ஒரு கீரி ஓடிப்போய்க் கப்பல் விளிம்பில் நின்று தீவை எட்டிப் பார்த்தது. காரணம் இருக்கிறது. அதன் தங்கையை அந்தத் தீவில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கை போனவள் போனவள்தான். அதற்குப் பிறகு கண்ணால் பார்க்கவில்லை. குட்டிகள் பிறந்ததுகூட ஒரு கடற்காகம் வந்து சொல்லித்தான் தெரியும். கீரி கப்பல் ஏறியதே தங்கையைப் பார்க்கத்தான். தங்கைக்குப் பிடிக்குமென்று நண்டு வறுத்து ஓலைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தது. அந்தப் பெட்டியைக் கரடி முகர்ந்து பார்க்காத நாள் இல்லை.

தங்கை வீடு அருவிக்கும் அப்பால், மலைக்குப் பின்னால். நடந்து போனால் சங்கு ஊதுவதற்குள் திரும்ப முடியாது. தீவில் சவாரி போகும் யானை ஒன்று உண்டு. தான் வருவதைத் தங்கையிடம் சொல்லிவிட்டு யானையிடமும் கேட்டு வரும்படி கீரி கடற்காகத்தைத் தூது விட்டது. யானை பதில் சொல்லி அனுப்பியது.

"என் கூலி முப்பது தேங்காய். ஒருத்தர் வந்தாலும் அதான், ஊரே வந்தாலும் அதான். முதுகு தாங்குற வரைக்கும் ஏறிக்கலாம். தேங்காய் கீழே வந்த பிறகுதான் என் கால் நகரும்."

முப்பதுக்குக் கீரி எங்கே போகும்? அது நாலு பேரைக் கூட்டுச் சேர்த்தது. அருவிக்கரைத் தேனுக்காகக் கரடி வந்தது. யானைமேல் உட்கார்ந்தால் தன் தோகை எடுப்பாகத் தெரியும் என்று மயில் வந்தது. கப்பல் ஏற்பாட்டைவிட மலிவு என்று குரங்கு வந்தது. முள்ளம்பன்றி எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆளுக்கு ஆறு என்றதும் ஆறு தேங்காயை உருட்டிக்கொண்டு வந்து வைத்தது அது ஒன்றுதான். மற்றவர்கள், "நம்ம பேரைப் போட்டுக்கோங்க அக்கா, தேங்காய் எங்கே ஓடிடப் போகுது?" என்றார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை. குரங்குக்குக் கணக்கு வரும். அதுதான் வினை.

"கீரியக்கா," என்றது குரங்கு, "அஞ்சு பேருக்கு ஆறு. இன்னொருத்தரைச் சேர்த்தா ஆளுக்கு அஞ்சுதானே?"

"அஞ்சு பேர் உட்கார்ந்தா வசதியா இருக்கும்னு நினைச்சேன் தம்பி."

"வசதியா? ஒரு தேங்காய் மிச்சம் ஆகுதுன்னா வசதி எதுக்கு?"

கீரிக்கு ஒரே ஒரு குறை உண்டு. முகத்துக்கு நேரே யாருக்கும் முடியாது என்று சொல்ல வராது. பாம்பைக் கண்டால் பாயும். பழகினவர் பல்லைக் காட்டினால் பணிந்துவிடும். "சரி தம்பி" என்றது.

குரங்கு போய் எருமையை அழைத்து வந்தது. ஆளுக்கு ஐந்து ஆயிற்று. கீரி முள்ளம்பன்றியிடம் ஒரு தேங்காயைத் திருப்பிக் கொடுத்தது.

"ஆறு பேருக்கே இவ்வளவு லாபம்னா," என்றது எருமை, "என் மச்சினன் குடும்பத்தையும் கூப்பிட்டா என்ன?"

பத்துப் பேர் ஆனார்கள். ஆளுக்கு மூன்று. முள்ளம்பன்றிக்கு இன்னும் இரண்டு திரும்பி வந்தது.

"இதையே பொழுதுக்கும் செஞ்சுட்டு இருப்பீங்களா?" என்று முள்ளம்பன்றி எரிந்து விழுந்தது.

முயல்கள் வந்தன, அணில்கள் வந்தன, உடும்பு வந்தது. யார் வந்தாலும் கீரி, "சரி, வாங்க" என்றது. கடைசியில் ஒரு எலிக் குடும்பமும் சேர்ந்து முப்பது பேர் ஆனார்கள். குரங்கு கயிற்றில் ஏறி ஒரு குட்டிக்கரணம் போட்டது.

"ஆளுக்கு ஒரே ஒரு தேங்காய்! எவனாவது கேள்விப்பட்டிருக்கானா?"

"அறுபது பேர் ஆனா?" என்று கேட்டது கரடி.

"ஆளுக்கு ஒரு மூடி!"

நல்லவேளை, கூழைக்கடாவின் ஏற்பாட்டுக்குப் பேர் கொடுத்தவர்கள் போக, கப்பலில் அதற்கு மேல் ஆள் இல்லை.

"யானைக்கு முதுகு ஒண்ணுதானே தம்பி?" என்று கீரி மெதுவாகக் கேட்டது.

"முதுகு தாங்குற வரைக்கும்னு யானையே சொல்லியிருக்கு. தாங்காதுன்னு சொல்லியிருக்கா? இல்லையே!" என்றது குரங்கு. எல்லாரும் கைதட்டினார்கள். கீரியும் தட்டியது, தட்டாவிட்டால் தப்பாக நினைப்பார்களே.

விடிந்ததும் துறையில் யானை நின்றது. முப்பது பேரும் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு தேங்காய் வைத்தார்கள். யானை தேங்காயையும் பார்த்தது, வந்தவர்களையும் பார்த்தது. தேங்காய் சரியாக இருந்தது. வந்தவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஏறும் படலம் ஆரம்பமாயிற்று. முன்னால்தான் உட்காருவேன் என்றது மயில். முன்னால் உட்கார்ந்தால் அதன் தோகை பின்னால் இருக்கிற ஒன்பது பேர் மூக்கில் நுழைந்தது. எருமையைக் கீழேயிருந்து ஏழு பேர் தள்ள, மேலேயிருந்து கரடி இழுக்க, ஏறியதும் அது கரடி மடியிலேயே உட்கார்ந்துகொண்டது. முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஜீவனும் சம்மதிக்கவில்லை. தெரியாமல் உட்கார்ந்தவர்களும் நிலைக்கவில்லை. எலிகள் யானையின் காதுக்குள் இடம் பிடித்தன. இப்படி ஒருவர் ஏற, இருவர் சரிய, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கப்பல் ஏற்பாட்டில் போனவர்கள் அருவியைப் பார்த்து முடித்து, மச்சான் கடையில் சிப்பி விலை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடைசி ஆளும் ஏறியதும் யானை ஒரு காலைத் தூக்கியது. வைத்தது. பெருமூச்சு விட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"யானையம்மா, என்ன ஆச்சு?" என்று பதறியது கீரி.

"முதுகு தாங்குற வரைக்கும்னு சொன்னேன். தாங்கலை. பாரம் குறைஞ்சா எழுந்திருப்பேன்."

"யாராவது இறங்குங்களேன்," என்று கீரி கெஞ்சியது.

ஒருவரும் அசையவில்லை. "ஒரு தேங்காய்க்கு யானைச் சவாரி! இதை விட்டு இறங்குறவன் மடையன்," என்றது குரங்கு.

கீரி மலையைப் பார்த்தது. அதற்குப் பின்னால் தங்கை வாசலுக்கும் வழிக்குமாக அலைந்துகொண்டிருப்பாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால், போனாலும் திரும்ப முடியாது. அடுத்த முறை எப்போது வாய்க்குமோ, வாய்க்குமோ வாய்க்காதோ. அதை நினைத்ததும் கீரிக்கு முதலில் அழுகை வந்தது. அழுகை நின்றதும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அதற்கு முதல்முறையாகப் புத்தி வேலை செய்தது.

"எருமை மாமா," என்றது, குரலில் தேன் ஒழுக, "உங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குது. நீங்க இறங்கிக்கோங்க. இந்தாங்க, உங்க தேங்காய்."

சும்மா வருகிற தேங்காயை எருமை விடுமா? சறுக்கி இறங்கி வாங்கிக்கொண்டது.

கீரி மற்றவர்கள் பக்கம் திரும்பியது. "யானை கூலி முப்பது. இப்ப ஒண்ணு குறையுது. இருக்கிறவங்க ஈடு கட்டணும்."

"என்னது, கூடுதலாவா?" என்று அணில்கள் கீச்சிட்டன. "எங்க தேங்காயைத் திருப்பிக் கொடுங்க!"

அணில்கள் இறங்கின. குறைவு அதிகமாயிற்று. அதைக் கேட்டு முயல்கள் குதித்தன. முயல்கள் குதித்ததைப் பார்த்து உடும்பு நழுவியது. பதினைந்து பேர் மிஞ்சியபோது ஆளுக்கு இரண்டு என்றது கீரி. எலிகள் காதைவிட்டு ஓடி வந்தன. ஒன்பது பேருக்கு ஆளுக்கு மூன்றுக்கும் மேலே. எருமையின் மச்சினன் குடும்பம் மொத்தமாக விழுந்தது. நேற்று ஆள் சேரச் சேர வந்தவர்கள், இன்று ஆள் குறையக் குறையப் போனார்கள். கீரி யாரையும் போ என்று சொல்லவில்லை. கணக்கை மட்டும் சொன்னது.

கடைசியில் முதலில் சேர்ந்த ஐந்து பேர்தான் யானைமேல் இருந்தார்கள்.

"ஆளுக்கு ஆறு," என்றது கீரி. "முதல்ல பேசினது இதான்."

"அது அப்ப!" என்று குரங்கு குதித்தது. "ஒரு தேங்காய்க்குக் கிடைச்ச சவாரிக்கு இப்ப ஆறு கொடுக்க நான் என்ன ஏமாளியா?" தன் தேங்காயைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டது.

"அப்ப நாலு பேர். ஆளுக்கு ஏழரை."

"ஏழரையா?" மயில் தோகையைச் சுருட்டியது. "ஐயோ, அந்த எண்ணே எனக்கு ஆகாது!" அதுவும் இறங்கியது.

மூன்று பேர். ஆளுக்குப் பத்து. அதாவது கையில் இருக்கிற மொத்தமும்.

"கரடியண்ணே, நீங்க?" என்று கேட்டது கீரி. இவர்களில் ஒருவர் இறங்கினாலும் சவாரி இல்லை.

"அங்கே தேன் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருக்கு அண்ணே."

"அப்ப எதுக்கு வெட்டிப் பேச்சு?" கரடி மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது.

முள்ளம்பன்றி தன் பத்தையும் உருட்டிவிட்டது. "எல்லாத்தையும் வச்சுக்கோ. திருப்பி மட்டும் கொடுக்காதே. ரெண்டு நாளா எண்ணி எண்ணி என் முள்ளே கொட்டிப் போச்சு."

யானை எழுந்தது. எழுந்ததென்ன, பறந்தது. அருவியில் கரடியை இறக்கி, தேன் இருக்கும் மரத்தைத் தும்பிக்கையால் காட்டிவிட்டு மலையைச் சுற்றி ஓடியது.

வாசலிலேயே தங்கை நின்றிருந்தாள்.

"விடியக்காலையிலிருந்து அடுப்பை அணைக்காம உட்கார்ந்திருக்கேன்," என்று கத்தினாள். "இதுதான் வர்ற நேரமா?" கத்திக்கொண்டே அக்காவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஓவென்று அழுதார்கள். குட்டிகள் பெரியம்மாவின் வாலைப் பிடித்துத் தொங்கின. ஒன்று முள்ளம்பன்றியைத் தொட்டுப் பார்த்து அலறியது. ஓலைப்பெட்டியைத் திறந்தால் பாதி நண்டைக் காணோம். அது யார் வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. யானை வாசலில் காலை மாற்றி மாற்றி வைத்தது. ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டியதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். தீரவில்லை. காலையில் முப்பது பேரை ஏற்றி இறக்கியதில் போன நேரத்தை நினைத்துக் கீரிக்கு நெஞ்சு எரிந்தது. சின்னக் குட்டி மடியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைப் பிரித்தெடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கீரி திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டது.

வழியில் தேன் ஒழுகும் கரடியையும் அள்ளிப் போட்டுக்கொண்டு யானை துறைக்கு வரவும், சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

அங்கே குரங்கும் மற்றவர்களும் யானையைவிட்டு இறங்கிய இடத்திலேயே நின்றிருந்தார்கள். எதிரில் ஓர் ஆமை. தலைக்குக் கால் தேங்காய்க்கு வருவாயா என்று குரங்கு அதனிடம் பேரம் பேசி, ஆமை அரை கேட்டு, வெயில் சாய்ந்தும் பேரம் படியவில்லை.

"அக்கா, எவ்வளவு ஆச்சு?" என்று ஆவலாகக் கேட்டது குரங்கு.

"பத்து."

"பத்தா! நல்லா ஏமாத்திட்டாங்க உங்களை!" குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "எங்களுக்கு ஒத்தைக்காய்கூடச் செலவில்லை."

"எங்கே எங்கே போனீங்க தம்பி?"

"எங்கேயும் போகலை," என்றது குரங்கு பெருமையாக. "அதான் செலவே இல்லை."

நீதி: எல்லாருக்கும் தலையாட்டுகிறவர் சவாரி ஏற்பாடு செய்யக் கூடாது, கைத்தேங்காயைக் கொடுக்க மனமில்லாதவர் கப்பலே ஏறக் கூடாது.