உப்பு வண்டிக் குரலின் உரிமம்

கோவில்பட்டியில் ஒரு டயர்க் கடைக்கு மேலே ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று இருந்தது. ஒரே அறை. நடுவில் கண்ணாடி வைத்து அதை இரண்டாக்கியிருந்தார்கள். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. அதை நடத்திய எப்சிபாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஒலிப்பதிவு கற்றுக்கொண்ட வெயிலுமுத்துவுக்கு அறுபத்தைந்து.

வெயிலுமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஊர்ப் பெயர்களைக் கூவிய குரல் அவருடையது. பஸ் நிலையத்தில் அவர் கயத்தாறு என்று கத்தினால் விருதுநகர் போக வந்தவர்களும் ஏறிவிடுவார்கள். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல், தெருவில் போகும் வண்டிகளுக்கு அறிவிப்புப் பேசிக் கொடுத்து வந்தார்.

சிஷ்யர் குருவை டீச்சர் என்பார். குரு சிஷ்யரை அண்ணாச்சி என்பார்.

ஒரு நாள் சிஷ்யர் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“தண்ணி குடிச்சிட்டுக் கேளுங்க.”

“வயிறு எரியுது. தண்ணி எதுக்கு?”

“அதுக்குத்தான்.”

குடித்தார். பிறகு சொன்னார். பாட்டும் பேச்சும் பதிவு செய்வதற்கு அவர் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரே தடவையாகப் பணம் கட்டி. இப்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாதாமாதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் திறக்காது.

“கிரயம் முடிச்ச வீட்டை வாடகை வீடுங்கான் டீச்சர். உள்ள என் சாமான் எல்லாம் கிடக்கு. நூத்திப் பதினாலு பதிவு. அவன் வாசல்ல பூட்டைப் போட்டா நான் எங்க போவேன்? இது எந்த ஊர் நியாயம்?”

“வாங்கும்போது என்ன எழுதிக் குடுத்தான்?”

“என்னமோ நீளமா வந்துச்சு. கீழே சம்மதம்னு ஒரு பட்டன். அழுத்தினேன்.”

“படிச்சீங்களா?”

“அதை உலகத்துல யாரு டீச்சர் படிச்சிருக்கா?”

“அப்போ நீங்க முதல் ஆளா இருங்க.”

எப்சிபா அந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து அச்சடித்தார். இருபத்தேழு பக்கம் வந்தது. அதை அவர் கையில் கொடுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, மைக்கை அவர் வாய் உயரத்துக்கு இறக்கினார்.

“மைக் எதுக்கு டீச்சர்?”

“பதிவாகுதுன்னாத்தான் கவனமாப் படிப்பீங்க. தமிழ்ல சொல்லிக்கிட்டே போங்க. ஃபேனை நிறுத்துறேன்.”

சிஷ்யர் படித்தார். வியர்வை முட்டியில் சொட்டியது. மூன்றாம் பக்கத்தில் அவர் வயிறு உறுமியது.

“வயிறு பதிவாகுது. திரும்ப,” என்றது ஹெட்போனில் குருவின் குரல்.

ஐந்தாம் பக்கத்தில் கீழே யாரோ டயரைச் சம்மட்டியால் அடித்தார்கள்.

“திரும்ப.”

ஏழாம் பக்கத்தில் பழக்க தோஷத்தில் “டிக்கெட், டிக்கெட்” என்றுவிட்டார். அதற்கும் திரும்ப. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லாதபோது அவராகவே நின்றார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“இந்தப் பொருள் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்படுகிறதுன்னு போட்டிருக்கான். அந்த அனுமதியை எப்ப வேணும்னாலும் மாத்துவானாம்.”

“அதுக்குத்தான் சம்மதம்னு அழுத்தியிருக்கீங்க.”

சிஷ்யர் அந்த வரியை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு முகம் தெளிந்தது. எழுந்து வந்து கும்பிட்டார்.

“புரிஞ்சிருச்சு டீச்சர்.”

இறங்கிப் போய்விட்டார். என்ன புரிந்தது என்று குரு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவருக்குப் புரிந்தது இதுதான். தானும் தன் குரலை யாருக்கும் விற்கவில்லை. அனுமதிதான் கொடுத்திருக்கிறோம். அதை மாற்றலாம்.

முதலில் உப்பு விற்கும் பேச்சித்தாயைப் பிடித்தார். பேச்சித்தாய் வாடகைக்கு எடுத்த சுமை ஆட்டோவில் தூத்துக்குடி உப்பை ஏற்றி, தெருத்தெருவாக விற்பவர். மூன்று வருடமாக அவர் வண்டியில் வெயிலுமுத்துவின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“தாயி, உன் பதிவு பழசாயிருச்சு. கரகரங்குது. புதுசா ஒண்ணு தாரேன். துட்டு வேண்டாம்.”

“துட்டு வேண்டாம்னா தாங்க.”

“ஒரு தடவை முழுசாக் கேட்டுக்கோ.”

“உங்க குரலை எம்புட்டுத்தான் கேக்க அண்ணாச்சி? தூக்கத்துலயும் எனக்கு அதுதான் கேக்கு,” என்று பென் டிரைவை வாங்கி வண்டியில் சொருகிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

புதுப் பதிவும் பழையது போலத்தான் இருந்தது. கல்லுப்பு, தூளுப்பு, தூத்துக்குடி உப்பு, வாசலுக்கே வந்திருக்கு. முடிவில் மட்டும் ஒரு வரி, ஒப்பந்தத் தமிழில்: “இந்தக் குரலுக்கான உரிமம் வரும் முப்பதாம் தேதியுடன் முடிவடைகிறது.” முப்பதாம் தேதிக்குப் பிறகு போய், மாதக் கட்டணம் பேசுவதாக அவர் திட்டம்.

அடுப்படியில் நிற்கிறவர்கள் வண்டி அறிவிப்பை முழுசாகக் கேட்பது கிடையாது. உப்பு என்று கேட்டது. முப்பதாம் தேதியுடன் முடிவடைகிறது என்று கேட்டது. நடுவில் குக்கர் விசில் அடித்தது.

“ஏக்கா, நெசமாவே முப்பதோட முடியுதா?”

“நீ கேக்கலையா? ரெக்கார்டுலயே சொல்லுதாவல்லா.”

அன்றைக்கு மத்தியானத்துக்குள் வண்டி காலி. மறுநாள் இரண்டு லோடு இறங்கியது, அதுவும் போதவில்லை. ஒரு வீட்டில் பரண்மேல் கிடந்த கல்யாண அண்டாவை இறக்கி உப்பை நிரப்பினார்கள். ஒரு வாத்தியார் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வரிசையில் நின்றார். ஏன் முடிகிறது, எப்படி முடிகிறது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் உப்பு தீர்ந்துவிடும்.

முப்பது வந்தது, போனது. முதல் தேதி காலையில் சிஷ்யரின் லேப்டாப்பில் மென்பொருள் திறக்கவில்லை. அன்றிலிருந்து, பேச்சித்தாயிடம் கட்டணம் பேசப் போவதையும் மறந்து, தினமும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்து கம்பெனியைத் திட்டினார். நான்காம் நாள் திட்டிக்கொண்டிருந்தபோது பேச்சித்தாய் மாடி ஏறி வந்தார்.

“அண்ணாச்சி, நாலு நாளா ஒரு படி உப்பு போகலை.”

“ஏன் தாயி?”

“ஏனா? ஊர்ல ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலயும் உப்புதான் கிடக்கு. அடுத்த பொங்கல் வரைக்கும் வேண்டாங்காவ. உப்பு முடியுதுன்னு சொன்னீங்க, எங்க முடிஞ்சுதுன்னு என்னைப் பிடிச்சுச் சண்டைக்கு வாராவ. முடியாததுக்கு ஒரு சண்டை! சனிக்கிழமைக்குள்ள வாடகை குடுக்கலைன்னா வண்டிக்காரன் சாவியைப் பிடுங்கிருவான். அதுக்குப் பெறகு நான் தலைச்சுமையாத்தான் தூக்கணும்.”

“உனக்காவது தெரியாண்டாமா, உப்பு முடியாதுன்னு?”

“நீங்க இம்புட்டு அழுத்தமாச் சொல்லும்போது எனக்கு எப்படித் தெரியும்? நானே ரெண்டு மூட்டை எடுத்து வீட்ல ஒதுக்கி வச்சிருக்கேன்.”

குரு சிஷ்யரைப் பார்த்தார். சிஷ்யர் முட்டை அட்டையைப் பார்த்தார்.

“அது உப்புக்குச் சொன்னது இல்ல தாயி. என் குரலுக்குச் சொன்னது.”

பேச்சித்தாயின் முகம் மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“உங்க குரலுக்கா? முப்பதாம் தேதியோடயா? பெரிய ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா அண்ணாச்சி?”

“அய்யோ, சீக்கு ஒண்ணும் இல்ல.”

“மறைக்காதீங்க. எங்க சித்தப்பாவும் இப்படித்தான் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னாவ.”

குரு குனிந்து ஒரு கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

சிஷ்யர் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். கம்பெனி, ஒப்பந்தம், ஒன்பதாம் பக்கம், மாதக் கட்டணம். பேச்சித்தாய் கடைசிவரை கேட்டார்.

“அப்போ மாசாமாசம் உங்களுக்குத் துட்டு வேணும். அம்புட்டுத்தானே?”

“ஆமா.”

“இதை நேரா என்கிட்டக் கேட்டிருந்தா, தர முடியாதுன்னு நானும் நேராச் சொல்லியிருப்பேன்லா? ஊரையே உப்பு வாங்க வச்சிட்டீங்களே.”

சிஷ்யர் குருவின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், தப்பாப் போச்சு. இப்போ என்ன செய்ய?”

எப்சிபா பேச்சித்தாயிடம் கேட்டார்.

“அக்கா, வீட்ல உப்பு அதிகமாக் கிடந்தா என்ன செய்வாங்க?”

“என்ன செய்ய? ஊறுகாய்தான் போடணும்.” சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “எலுமிச்சை. நார்த்தங்காய். என் தங்கச்சி எலுமிச்சை விளையுத புளியங்குடியிலதான் இருக்கா. போன் போட்டா நாளைக்குக் காலையில பஸ்ல மூட்டை வந்திரும்.”

“அப்போ புது அறிவிப்பு வேணும்.”

சிஷ்யர் லேப்டாப்பைத் திறந்தார். உரிமம் முடிவடைந்தது என்றது திரை. கீழே கட்டணம் செலுத்த ஒரு பட்டன் இருந்தது.

“உங்க மெஷின்ல எடுத்திருவோம் டீச்சர்.”

“எடுக்கலாம். இதுவும் அதே கம்பெனிதான். நான் போன வருஷமே மாசக் கட்டணத்துக்கு மாறிட்டேன்.”

“சொல்லவே இல்லையே!”

“நீங்க திட்டிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல பேச இடம் கிடைக்கலை.”

“உங்களுக்குக் கோபம் வரலையா?”

“வந்துச்சு. இப்பவும் மாசத்துல ஒருநாள் வருது.”

சிஷ்யர் லேப்டாப்பை மூடப் போனார். குரு கையை வைத்துத் தடுத்தார்.

“உங்க நூத்திப் பதினாலு பதிவும் அதுக்குள்ளதானே கிடக்கு அண்ணாச்சி? ஒரு மாசத்துக்குக் கட்டுங்க. எல்லாத்தையும் எந்த மெஷினும் திறக்கிற மாதிரி வெளிய எடுத்து வைங்க. அதுக்கு அப்புறம் இருக்கதா, போறதான்னு நிதானமாச் சண்டை போடலாம்.”

“கட்டவே மாட்டேன்னு டீக்கடையில அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன் டீச்சர்.”

பேச்சித்தாய்க்குப் பொறுக்கவில்லை.

“என் வீடு வாடகை, வண்டி வாடகை. உப்பு ஒண்ணுதான் அண்ணாச்சி எனக்குச் சொந்தம். அதுவும் எப்படா கையை விட்டுப் போகும்னுதான் நாள் பூரா அலையுதேன்.”

சிஷ்யர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பட்டனை அழுத்தினார். சம்மதமா என்று திரை கேட்டது. இந்தத் தடவை அவர் ஒரு வரி விடாமல் படித்தார். அதற்குள் பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார்.

லேப்டாப்பில் மைக் ஒயரைச் சொருகிவிட்டு, சிஷ்யர் அறிவிப்பு எழுதிய தாளோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு தடவை பேசிப் பார்த்தார்.

“எலுமிச்சை, நார்த்தங்காய், புளியங்குடிப் பழம். உப்பு உங்க வீட்ல இருக்கு. பழம் எங்ககிட்ட இருக்கு.”

“அப்படிப் போடுங்க!” என்றார் பேச்சித்தாய் இந்தப் பக்கத்திலிருந்து.

சிஷ்யர் கண்ணாடி வழியாகக் குருவைப் பார்த்தார்.

“டீச்சர், கடைசில ஒரு தேதி சொல்லலாமா?”

“எதுக்கு? பழத்துக்கா, குரலுக்கா?”

“பழத்துக்கு.”

“சொல்லுங்க. பழம் அழுகும்.”

தாளில் குறித்துக்கொண்டார். பேனாவைத் தாளைவிட்டு எடுக்கவில்லை.

“குரலுக்கு?”

எப்சிபா பதிவுப் பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அந்தத் தேதி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது அண்ணாச்சி. பேசுங்க.”