மீட்டப்பனின் பரிவட்டம்

கேளுங்கள். கதையின் கடைசியில் ஒரு கேள்வி வரும். அதுவரை முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் யாரும் விடை சொல்லக் கூடாது.

மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவர்களின் பட்டி ஒன்று. அதன் எல்லையில், வன்னி மரத்தடியில், ஒரு நடுகல். எந்தக் காலத்திலோ திருடர்கள் பட்டி மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்களாம். ஒருவன் தன்னந்தனியே துரத்திப் போய் அத்தனையையும் மீட்டு வந்து, மார்பில் தைத்த அம்புகளோடு இங்கே விழுந்தான். அவன் பெயர் மறந்துபோயிற்று. மீட்டதால் மீட்டப்பன் ஆனான்; நாளடைவில் சாமியும் ஆனான். கல்லில் அவன் வில்லோடு நிற்பான். காலடியில், ஓரமாக, கழுத்தில் மணி கட்டிய ஒரு மாடு.

அந்தக் கல்லுக்குப் பூசை செய்பவள் செம்பி. காலையில் மஞ்சள் அரைத்துக் கொண்டுவருவாள். ஓரத்து மாட்டுக்கு முதலில் பூசுவாள், பிறகுதான் அப்பனுக்கு. அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. படையலுக்குத் தினைமாவும் கள்ளும். அவ்வளவுதான் ஆகமம்.

அந்த நாட்டுக்குக் கொற்றவேள் என்று புது மன்னன் வந்தான். தெருவில் தன்னைக் கண்டு அரைகுறையாகத் தலை குனிந்த ஜனம், வன்னி மரத்தடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுவதைப் பார்த்தான். அவனுக்குப் பொறி தட்டியது. இந்தக் கல் யாரை மதிக்கிறதோ அவனைத்தான் ஊர் மதிக்கும்! உடனே கல்லைச் சுற்றி மண்டபம் எழுந்தது. அரண்மனைக் குரு வந்தார். கள் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டே புது முறை ஒன்றை அறிவித்தார்: "திருவிழாவன்று சாமிக்குச் சாத்திய பட்டுத்துணியை எடுத்து, முதல் மரியாதையாக ஒருவருக்குப் பரிவட்டம் கட்ட வேண்டும். அவர் முன்னே நடப்பார். மேளமும் ஊரும் பின்னே போகும். அவர் வழியை மறித்தால் மீட்டப்பனையே மறித்தது போல." கட்டுகிற உரிமையை மட்டும் செம்பியிடமிருந்து பிடுங்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. பட்டி ஆட்கள் எல்லோர் கையிலும் கோல் இருந்தது.

செம்பியின் கவலையோ வேறு. மலைமேல் இருந்த புல்வெளி இனி அரசனுக்குச் சொந்தம் என்று வேலி போட்டுவிட்டார்கள். கோடையில் பட்டி மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. அவளுடைய கிழட்டுப் பசு சுட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டுக்காரி, தினமும் வேலிக் கதவு வரை நடந்துபோய், நின்று பார்த்துவிட்டுத் திரும்பும்.

திருவிழா நெருங்கியது. மூன்று பேர் தனித்தனியாக அவளைத் தேடி வந்தார்கள்.

"மண்டபம் என்னுடையது, பரிவட்டமும் எனக்குத்தான்" என்றான் மன்னன். "கட்டினால் வேலியைத் திறக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் புல் என்ற பேச்சையே எடுக்காதே."

அடுத்து தளபதி. "வீரன் சாமியின் மரியாதை வீரனுக்குத்தான். மன்னர் என்ன உத்தரவு போட்டாலும் வேலிக் கதவில் நிற்பது என் ஆட்கள், ஞாபகம் இருக்கட்டும்."

கடைசியில் குரு. "என் மந்திரம் ஏறாவிட்டால் அது வெறும் கல். எனக்குக் கட்டாவிட்டால், அந்தப் புல்லில் தோஷம் என்று மன்னர் காதில் போட்டுவிடுவேன்."

யாருக்குக் கட்டினாலும் மற்ற இருவர் கதவை அடைத்துவிடுவார்கள். செம்பி மூவருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "மீட்டப்பன் யாருக்காக உயிரை விட்டானோ அவங்களுக்குத்தான் கட்டுவேன். சம்மதம்னா கல்லைத் தொட்டு சத்தியம் பண்ணுங்க."

நாட்டுக்காகத்தானே விட்டான், நாடென்றால் நான்தானே என்று மன்னன் தொட்டான். வீரத்துக்காக என்று தளபதி தொட்டார். தர்மத்துக்காக, அதைக் காப்பவன் நான் என்று குருவும் தொட்டார். மூவருக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

செம்பியின் புருஷன் வேட்டன் தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி! மூணு பேருக்கும் தலையாட்டிட்டியே, துணி ஒண்ணுதானே இருக்கு!"

"நான் எங்க ஆட்டினேன்? அவங்கதான் ஆட்டிட்டுப் போனாங்க. நீ போய்ச் சுட்டியைக் குளிப்பாட்டு."

திருவிழா வந்தது. பம்பை அதிர்ந்தது. மாடு இல்லாமல் மீட்டப்பனுக்குத் திருவிழா ஏது? பட்டி மாடுகள் எல்லாம் மண்டபத்தருகே வந்து நின்றன. சுட்டி தோரணத்து மாவிலையை இழுத்து மென்றுகொண்டிருந்தது. மன்னனும் தளபதியும் குருவும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் நின்றார்கள். செம்பி வழக்கம்போல் மஞ்சள் பூசினாள். பட்டுத்துணியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். மூன்று தலைகள் ஒரே சமயத்தில் குனிந்தன.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். செம்பி அந்தப் பரிவட்டத்தை யாருக்குக் கட்டினால் சரி? வேலிக் கதவு திறக்குமா, திறக்காதா?

யோசித்தாயிற்றா? அவள் மூன்று தலைகளையும் தாண்டிப் போய்ச் சுட்டியின் கொம்பில் கட்டினாள். "இவளுக்காகத்தானே எங்கப்பன் விழுந்தான்!" என்றாள். எல்லோரும் கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். மீட்டப்பன் காலடியில், முதல் மஞ்சளின் ஈரத்தோடு, மாடு நின்றது. சத்தியம் செய்தவர்கள் கழற்றிய தலைப்பாகையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்கள். மன்னன்தான் முதலில் சிரித்தான். மற்ற இருவருக்கும் கிடைக்கவில்லையே என்ற நிம்மதியாகக்கூட இருக்கலாம். பரிவட்டக்காரி முன்னே நடக்க வேண்டுமே? சுட்டி நடந்தது, தினமும் போகிற வழியில்தான். மேளமும் மன்னனும் ஊரும் பின்னால் மலையேறினார்கள். வேலிக் கதவு முன் நின்று அது "அம்மா" என்றது. காவலர்கள் தளபதியைப் பார்த்தார்கள். தளபதி குருவைப் பார்த்தார். குரு தாம் போட்ட விதியை நினைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். கதவு திறந்தது, பட்டி மாடுகள் அத்தனையும் உள்ளே நுழைந்தன. அன்று பொழுது சாயும் வரை மன்னன் புல்வெளியில் கால் கடுக்க நின்றான். முதல் மரியாதைக்காரி வயிறார மேய்ந்து முடிக்காமல் ஊர்வலம் எப்படித் திரும்பும்?