எதிர்பார்த்த அளவு

"எத்தனை பேருக்கு வயித்தால போனா அதைப் பரவல்னு எழுதணும் மேடம்?" என்று கேட்டார் சிவக்கொழுந்து.

மெஹருன்னிசா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எத்தனை பேரை எதிர்பார்த்தீங்க சார்?"

இதுதான் சிவக்கொழுந்துக்குப் பிடிக்காது. கேள்வி கேட்டால் கேள்விதான் திரும்பி வரும். ஆனாலும் வாராவாரம் கேட்காமல் இருக்கவும் முடியாது.

அவர் வட்டார சுகாதார நிலையத்தின் புள்ளிவிவரப் பிரிவில் மூத்தவர். ஓய்வு பெறும் நாள் கூப்பிடு தூரத்தில். மெஹருன்னிசா மாவட்டத்திலிருந்து திங்கள்தோறும் அறிக்கை பார்க்க வரும் நோய்ப்பரவியல் அலுவலர். சிவக்கொழுந்தின் மகள் வயது.

வயது என்ன வயது? வார்த்தைகள் எல்லாம் அந்தப் பெண்ணிடம் இருந்தன. சிவக்கொழுந்து சிஷ்யனாகிவிட்டார்.

முதல் திங்கள், "சந்தேக நோயாளிக்கும் உறுதியான நோயாளிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார்.

"ஆய்வுக்கூடம் சொல்ற வரைக்கும் சந்தேகம்."

"வயித்தால போறது அந்த ஆளுக்கே தெரியுமே மேடம்?"

"அவரைக் கேட்டா சார் எழுதறோம்?"

இன்னொரு திங்கள், "தகவல் வரலைன்னா பூஜ்யம்னு போட்டுடலாமா?" என்று கேட்டார்.

மெஹருன்னிசா சிவக்கொழுந்தின் போனைக் காட்டினார். "வீட்டுக்குப் போட்டு, இன்னிக்கு என்ன சமையல்னு கேளுங்க."

போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மனைவி எடுக்கவில்லை.

"அப்ப இன்னிக்குச் சாப்பாடு பூஜ்யம்."

"ஐயோ, அப்படி எப்படி மேடம்! எடுக்கலைன்னா சமைக்கலைன்னு அர்த்தமா?"

மெஹருன்னிசா படியிறங்கிப் போய்விட்டார். அவர் எப்போதும் நின்றபடியேதான் பேசுவார், பேசி முடித்ததும் போய்விடுவார். குரு என்றால் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று சிவக்கொழுந்து நினைத்துக்கொண்டார்.

இந்தத் திங்கள் விஷயம் கொஞ்சம் பெரியது. சுண்ணாம்புக் காளவாய்த் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. பரவல் என்று எழுதினால் இன்றைக்கே குழாயை அடைப்பார்கள், லாரியில் தண்ணீர் வரும், மருத்துவக் குழு வரும். எழுதாவிட்டால் ஒன்றும் வராது.

அறிக்கை ஐந்து மணிக்குள் போக வேண்டும்.

அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். செண்பகவல்லி என்று பெயர். அவள் பையன் உள்ளே வார்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தான்.

"லாரித் தண்ணியாச்சும் அனுப்புங்கய்யா. இன்னொண்ணு வீட்டுல இருக்கு, அதுக்கும் ஆரம்பிச்சிருச்சு."

"உட்காரும்மா" என்றார் சிவக்கொழுந்து.

அவர் மேஜைக்கு எதிரில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. உட்கார்ந்தாள். நாற்காலியின் முன்கால் மடங்க, இடப்பக்கம் சரிந்து தரையில் விழுந்தாள்.

உதவியாளர் குப்புராஜ் ஓடிவந்தார். அவளைத் தூக்கவில்லை, நாற்காலியைத் தூக்கினார். காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகினார்.

"பார்த்து உட்காரக் கூடாதாம்மா? இது எப்பவும் இப்படித்தான்."

"பார்த்துத்தான்யா உட்கார்ந்தேன்."

"தண்ணியும் பார்த்துக் குடிக்கணும்" என்றார் சிவக்கொழுந்து கனிவாக.

"பார்த்துத்தான்யா குடிக்கிறோம்."

அவள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். படி ஆடவில்லை.

மெஹருன்னிசா நாற்காலியைப் பார்த்தார். பிறகு சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம். எத்தனை பேர்லேருந்து பரவல்?"

"எதிர்பார்த்த அளவுக்கு மேல போனா பரவல்."

"எதிர்பார்த்த அளவை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"போன வருஷங்கள்ல இதே வாரம் எவ்வளவுன்னு பாருங்க. சராசரி எடுங்க."

சிவக்கொழுந்து கம்ப்யூட்டரில் தேடினார். முகம் மலர்ந்தது.

"மேடம், போன வருஷமும் இதே அளவு! அதுக்கு முந்தின வருஷமும் இதே தெரு, இதே அளவு. அஞ்சு வருஷமும் அச்சு அசல்!"

"அப்படியா?"

"அப்ப இது எதிர்பார்த்த அளவுக்குள்ளதானே?"

"கணக்குப்படி ஆமா."

"அப்பாடா!" அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்றேன் மேடம். திடீர்னு பரவல்னு எழுதினா, இத்தனை வருஷமா ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. போற நேரத்துல எனக்கு எதுக்கு வம்பு?"

"எழுதிடலாம் சார். கொஞ்சம் எழுந்திருங்க."

சிவக்கொழுந்து எழுந்தார். மெஹருன்னிசா மேஜையைச் சுற்றி வந்து, அவருடைய மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். குரு உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

"நான் டைப் பண்றேன். நீங்க எதிர்ல உட்கார்ந்து சொல்லுங்க."

சிவக்கொழுந்து நாற்காலியைப் பார்த்தார்.

"பரவாயில்லை மேடம், நிக்கிறேன்."

"ஏன்?"

"அது கொஞ்சம் ஆடும்."

"வாரத்துக்கு எத்தனை பேர் விழறாங்க?"

"ரெண்டு மூணு பேர் விழுவாங்க."

"இந்த வாரம்?"

"காலையில வாக்சின் கொண்டாந்த டிரைவர். இப்ப இந்தம்மா."

"அப்ப எதிர்பார்த்த அளவுக்குள்ளதான் இருக்கு. உட்காருங்க சார்."

மறுக்க வழியில்லை. சிவக்கொழுந்து பார்த்து உட்கார்ந்தார். அப்படிப் பார்த்து அவர் வாழ்க்கையில் எதிலும் உட்கார்ந்ததில்லை. அட்டையைச் சரிபார்த்தார், எடையை வலப்பக்கம் வைத்தார், மேஜை விளிம்பைப் பிடித்தார், மூச்சைக்கூட அடக்கினார்.

விழுந்தார்.

மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். குப்புராஜ் வழக்கம்போல ஓடிவந்தார். வழக்கம்போல நாற்காலியைத் தூக்கினார். வார்த்தையும் வழக்கம்போல வந்துவிட்டது.

"பார்த்து உட்காரக் கூடாதா? இது எப்பவும் இப்படித்..."

யார் விழுந்திருப்பது என்று அப்போதுதான் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பார்த்துத்தான்யா உட்கார்ந்தேன்!" என்று கத்தினார் சிவக்கொழுந்து.

வாசற்படியிலிருந்து செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. எழுந்து வந்து கை கொடுத்தாள்.

சிவக்கொழுந்து அந்தக் கையைப் பிடித்தார். ஆனால் உடனே எழுந்திருக்கவில்லை. தரையிலிருந்து பார்த்தால் அந்த அறை வேறு மாதிரி இருந்தது.

மெஹருன்னிசா விசைப்பலகையில் விரல் வைத்துக் காத்திருந்தார். "என்ன போடட்டும் சார்?"

"பரவல்."

"ஏன் இத்தனை வருஷமா எழுதலைன்னு கேப்பாங்களே?"

"வரட்டும்" என்றார் சிவக்கொழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே. "குப்புராஜ், கேக்க வர்றவங்களுக்கு அந்த நாற்காலியைப் போடு."